வளையல் துண்டுத் தோரணம்

என் தங்கைக்குக் கை சும்மா இருக்காது. இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் பாராட்டு என்று நினைத்துக்கொள்கிறார்கள். நான் பாராட்டிச் சொல்லவில்லை. கல்யாணமாகித் திருச்சுழியிலிருந்து அருப்புக்கோட்டைக்கு வந்த நாள் முதல், தீபாவளியானாலும் பொங்கலானாலும், அந்தக் கையிலிருந்து வந்ததையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு திண்டாடியவள் நான்.

தலைத் தீபாவளிக்குப் பிறந்த வீட்டுக்குப் போனபோது பூசணி விதையில் ஒரு மாலை கோத்து வைத்திருந்தாள். விதைக்கெல்லாம் தங்கக் கலர் மை பூசியிருந்தாள். போட்டே தீரவேண்டும் என்று அடம். போட்டேன். எண்ணெய்க் குளியலும் புழுக்கமும் சேர்ந்து, பொழுது உச்சிக்கு வருவதற்குள் மை முழுக்கக் கரைந்து என் புதுப் பட்டு ரவிக்கையில் இறங்கிவிட்டது. என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "உங்க ஊருல தங்கம் இப்பிடித்தான் கரையுமா?" என்றார். அதை அவர் இன்றுவரை மறக்கவில்லை.

அடுத்த பொங்கலுக்குச் சிகரெட் பெட்டி ஜிகினாத் தாளில் பூமாலை வந்தது. அதை எங்கள் வீட்டு வெள்ளாடு கரும்புத் தோகையோடு சேர்த்துத் தின்றுவிட்டது. ஆட்டுக்கு நான் நன்றி சொன்னேன். அதற்கடுத்த தீபாவளிக்குப் பருத்திக்கொட்டையில் அரக்குப் பூசித் தொங்கட்டான். என் மாமனாருக்கு அருப்புக்கோட்டையில் பருத்திக் கடை. அந்த வீட்டுக்குப் பருத்திக்கொட்டைத் தொங்கட்டான் அனுப்ப என் தங்கை ஒருத்தியால்தான் முடியும். "கொட்டை இங்க மூடை மூடையாக் கெடக்கே. சொல்லியிருந்தா இங்கேருந்தே அனுப்பியிருப்போமே" என்றார் மாமியார். என் காது கூசியது.

கொடுப்பதை மடித்து ஓரமாகக் கொடுத்தாலும் பரவாயில்லை. பொங்கல் சீர் கொண்டு வரும் தாம்பாளத்தில் வெல்லம், மஞ்சள், தேங்காய், பழம் எல்லாவற்றுக்கும் மேலே, உச்சியில், தன் கைவேலையை வைத்துத்தான் அனுப்புவாள். எங்கள் தெருவில் யார் வீட்டுக்குச் சீர் வந்தாலும் நாலு வீட்டுப் பெண்கள் எட்டிப் பார்க்க வந்துவிடுவார்கள். அவர்கள் கண் முதலில் போவது உச்சிக்குத்தான். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தது போல, சித்திரை வரைக்கும் அதையே மெல்லுவார்கள்.

சீரைப் பார்க்க முன்கட்டுக்கு வராத ஆள் எங்கள் வீட்டில் ஒருவர்தான். என் நாத்தனார். என் வீட்டுக்காரருக்கு மூத்தவர். கல்யாணமாகி நாலு வருஷத்தில், பிள்ளை குட்டி எதுவும் இல்லாமல், புருஷனைப் பறிகொடுத்துவிட்டுப் பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டார். நல்ல காரியங்களுக்கு முன்னால் வராதே என்று யாரும் அவரிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவரும் வந்ததில்லை. நான் அவரை மதினி என்று கூப்பிடுவேன். மரியாதைக்குக் குறைவில்லாமல்தான் நடந்துகொண்டேன் என்று அந்தக் காலத்தில் நினைத்திருந்தேன். என் தங்கை வந்தால் மட்டும் என்னை விட்டுவிட்டு நேராக அவருடைய அறைக்குப் போய்விடுவாள். இரண்டு பேரும் என்ன பேசுவார்கள் என்று நான் கேட்டதில்லை. தொல்லை விட்டது என்று இருந்துவிடுவேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு பொங்கல். முந்தின நாள் அப்பா சீர் கொண்டு வந்தார். பஸ் மேலே கரும்புக்கட்டு, கையில் புதுப்பானை, இடுப்பில் செருகிய வெற்றிலைப் பொட்டலம். தாம்பாளத்தை நிரப்பி வைத்ததும், வாழையிலையில் பொதிந்த ஒன்றை எடுத்து வழக்கம்போல உச்சியில் வைத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

பிரித்தால், வளையல் துண்டுத் தோரணம். வளையல் துண்டை இடுக்கியில் பிடித்து விளக்குச் சுடரில் காட்டினால் கண்ணாடி இளகும். இளகும்போதே வளைத்து இரண்டு முனையையும் ஒட்டினால் வளையம். அதற்குள் அடுத்த துண்டை நுழைத்து அதையும் வளைக்க வேண்டும். இப்படியே வளையத்தில் வளையமாகச் சங்கிலி போகும். அவள் விரல் நுனியெல்லாம் கொப்புளமாக இருக்கும். சாதாரணமாக இந்த வேலைக்குப் பள்ளிக்கூட வாசலிலும் வளையல்காரர் உட்காரும் இடத்திலும் பொறுக்கிய துண்டு என்பதால் ஒன்று சிவப்பு, ஒன்று மஞ்சள் என்று கதம்பமாக இருக்கும். இந்தத் தோரணம் அப்படி இல்லை. கிளிப்பச்சையும் ரத்தச் சிவப்பும் மட்டும், ஏழு சரம், சரத்துக்குச் சரம் அளவு பிசகாமல். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அழகாக இருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஏனென்றால் என் டிரங்குப் பெட்டிக்குள் வேறொரு தோரணம் இருந்தது. கார்த்திகையில் மதுரைக்குப் போன என் வீட்டுக்காரர் வாங்கி வந்தது. பிளாஸ்டிக் ரோஜாப் பூவும் பச்சை இலையும் வைத்தது. எங்கள் தெருவில் எந்த வாசலிலும் அப்படி ஒன்று கிடையாது. பொங்கலுக்குக் கட்டுவோம் என்று இரண்டு மாதமாக யார் கண்ணிலும் காட்டாமல் வைத்திருந்தேன்.

அப்பாவோ யாரையும் கேட்காமல் சுத்தியலை வாங்கி நிலையில் ஆணி அடித்துத் தோரணத்தை மாட்டிவிட்டார். "பொங்கலுக்கு மூணா நாளு அந்தப் புள்ள வருது. வந்ததும் நெலையத்தான் பாக்கும். இல்லேன்னா உம்பாடு, அவ பாடு. நான் வாரேன்" என்று சொல்லிவிட்டு மத்தியான பஸ்ஸுக்குப் போய்விட்டார். என் மாமியாரும் அந்த வருஷம் பார்த்துத்தானா தங்கையை மெச்ச வேண்டும்? "இந்தத் தடவ நல்லாத்தேன் செஞ்சிருக்கா" என்று இரண்டு தரம் சொன்னார். மூன்று வருஷமாகச் சிரித்த வாய்!

சாயங்காலம் நிலைக்கு மேலே வேப்பிலையும் ஆவாரம்பூவும் கூரைப்பூவும் சேர்த்துக் காப்புக் கட்டிக்கொண்டிருந்தோம். நான் முக்காலியில் நின்றேன். மாமியார் கீழே இருந்து எடுத்துக் கொடுத்தார். தோரணம் என் மூக்குக்கு நேரே ஆடிக்கொண்டிருந்தது. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. அப்போதுதான் அந்த யோசனை வந்தது.

"அத்தே, இது யாரு கையில கெடந்த வளையலோ? அவ ஊரெல்லாம் பொறுக்குறவ. கம்மாக்கரையில கெடந்ததக்கூட அள்ளிக்கிட்டு வந்திருப்பா."

கண்மாய்க் கரையில் கிடக்கும் வளையல் என்றால் எங்கள் பக்கம் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. புருஷன் செத்தவளைக் காரியத்தன்று அங்கே கூட்டிப்போய்த்தான் கை வளையலை உடைப்பார்கள். உடைந்த துண்டு அங்கேயே மண்ணில் கிடக்கும். சின்னப்பிள்ளைகூடத் தொடாது. என் தங்கையும் தொட்டிருக்க மாட்டாள், அந்தக் கரைப்பக்கமே போகிறவளில்லை. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

மாமியார் கையிலிருந்த வேப்பிலை நின்றுவிட்டது. "என்னத்தா சொல்ற?"

விட்டிருக்கலாம். அந்த அளவே போதும், தானாகவே கழற்றச் சொல்லியிருப்பார். ஆனால் ஒரு பொய் பலிக்கிறது என்று தெரிந்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. "எவ தாலியறுத்த வளையலோ! நல்ல நாளும் பொழுதுமா நம்ம நெலையில தொங்கணுமா அத்தே?" என்றேன்.

"எவளோ இல்ல. என்னோடதுதேன்."

திரும்பிப் பார்த்தேன். மதினி இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு நடுக்கட்டு வாசலில் நின்றார். வாசலில் காவியடிக்கத் தண்ணீர் கேட்டவளே நான்தான். கேட்டதையும் மறந்திருந்தேன்.

"அந்தப் புள்ள கரைக்கெல்லாம் போகல. தீவாளிக்கு வந்திருந்தப்ப நாந்தேன் எம்பொட்டியில இருந்ததை எடுத்துக் குடுத்தேன். நாலு டஜனு. பங்குனிப் பொங்கலுக்கு அவுக வாங்கியாந்தது. நான் கையில போட்டதுகூட இல்ல. அதுக்குள்ளதேன் எல்லாம் முடிஞ்சு போச்சே. சும்மா கெடக்குறதுக்கு, அது எதையாச்சும் செய்யட்டுமேன்னு குடுத்தேன்."

அவர் குரலில் கோபம் இல்லை. எந்தச் சாமான் எங்கே இருக்கிறது என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

நான் மாமியாரைப் பார்த்தேன். பெற்ற தாய். "இருந்துட்டுப் போகட்டும்" என்று ஒரு வார்த்தை அவர் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் என்னைப் பார்த்தார். நான் சொல்வேன் என்று அவர் காத்திருந்தாரோ என்னவோ. இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. மதினி குடத்தை இறக்கி வைத்தார். நான் முக்காலியிலிருந்து இறங்கினேன். அவர் ஏறினார்.

"நீங்க ரெண்டு பேரும் தொட வேணாம்" என்று சொல்லிவிட்டு, ஏழு சரத்தையும் சிக்கு விழாமல் கழற்றி, முந்தானையில் ஏந்திக்கொண்டு உள்ளே போனார்.

எனக்கு வந்த ஆத்திரத்தை என்ன சொல்ல! முதலில் தங்கை மேல் வந்தது. யாருடைய வளையல் என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினால் என்னவாம்? அப்புறம் அப்பா மேல், கேட்காமல் ஆணி அடித்ததற்கு. அப்புறம் மாமியார் மேல். மதினி மேலும் வந்தது, சத்தியமாக வந்தது. நாலு டஜன் வளையலைக் கொடுத்தவர் வீட்டில் ஒருத்தரிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா? எல்லோரையும் ஒரு சுற்றுத் திட்டி முடித்த பிறகுதான் என் முறை வந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அதுவாவது மழைக்குக் கத்துகிறது. நான் ஒரு பிளாஸ்டிக் ரோஜாவுக்காகக் கத்தினேன்.

அந்தப் பிளாஸ்டிக் தோரணத்தைக் கட்டாமலாவது விட்டேனா என்றால், அதுவும் இல்லை. அப்பா அடித்த ஆணியிலேயே கட்டினேன். தெருப் பெண்கள் வந்து தொட்டுத் தொட்டுப் பார்த்து, மதுரையில் எந்தக் கடை என்று கேட்டார்கள். பதில் சொன்னேன். அந்தப் பூவில் ஒரு மண்ணெண்ணெய் வாடை அடித்தது. மூன்று நாளும் அடித்தது.

மதினியிடம் ஏதாவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் இரண்டு நாளும் நினைத்தேன். எங்கள் வீடுகளில் மன்னித்துக்கொள்ளுங்கள் என்று யாரும் யாரிடமும் சொல்லிப் பழக்கம் இல்லை. அந்த வார்த்தையை எப்படி ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. அவர் தட்டில் சர்க்கரைப் பொங்கலை ஒரு கரண்டி கூடுதலாக வைத்தேன். சாப்பிட்டார். மாட்டுப் பொங்கலன்றும் வைத்தேன். "போதும், திகட்டுது" என்றார்.

மறுநாள் என் தங்கை வந்தாள். பதினாறு வயது. பஸ் ஸ்டாண்டிலிருந்து வெயிலில் ஓடியே வந்திருப்பாள் போல. வாசலில் நின்று நிலையை அண்ணாந்து பார்த்தாள். முகம் அப்படியே சுருங்கிவிட்டது.

"என்னோடது எங்கக்கா?"

நான் நாலு பொய் தயார் செய்து வைத்திருந்தேன். கயிறு அறுந்துவிட்டது, பூனை தாவிவிட்டது, இன்னும் இரண்டு. எதைச் சொல்வது என்று மாமியாரைப் பார்த்தேன். மாமியார் முறத்திலிருந்த அரிசியையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னையும் கேட்டு, அவரையும் கேட்டு, உண்மை வெளியே வந்தால் என் தங்கை இனி இந்தப் படி ஏறுவாளா? அன்று என் பயம் அதுதான்.

மதினி பின்கட்டிலிருந்து வந்தார். ஆள் வந்திருக்கும்போது அவர் முன்கட்டுக்கு வந்து நான் பார்த்தது அன்றுதான்.

"ஏ புள்ள, இங்க வா. நாந்தேன் கழட்டிக்கிட்டேன். பாக்கப் பாக்க ஆசையா இருந்துச்சு. மனசு கேக்கல. எஞ்சன்னல்ல மாட்டிக்கிட்டேன். கோவிச்சுக்கிராத."

"அம்புட்டுப் பிடிச்சிருக்கா மதினி?" என்று அவள் குதித்துக்கொண்டு உள்ளே ஓடினாள். நானும் பின்னாலேயே போனேன். மேற்குப் பார்த்த சன்னலில் ஏழு சரமும் தொங்கின. அவருடைய பாயிலும் தலையணையிலும் பச்சையும் சிவப்புமாக வெயில் விழுந்திருந்தது. தங்கை ஒவ்வொரு சரமாகத் தொட்டு, எந்த வளையம் சுட்டது, எது இரண்டு தரம் உடைந்தது என்று கதை சொன்னாள். மதினி எல்லாவற்றையும் கேட்டார்.

அவள் கை கால் கழுவப் போன நேரத்தில் நான் எப்படியோ ஆரம்பித்தேன். "மதினி, அன்னைக்கு நான்..."

"விடு" என்றார். "அதுக்கு இன்னும் அதெல்லாம் ஒண்ணும் தெரியாது. வளையல்னா வளையலுன்னு மட்டும்தேன் நெனச்சுக்கிட்டு இருக்கு. அப்பிடியே இருக்கட்டும்."

அவர் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு இரண்டு சொல்லி, அழுது, ஆறியிருப்பேன். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டார்.

சாயங்காலம் தங்கை புறப்படும்போது, வாசலுக்கு இன்னொன்று செய்து தருகிறேன், துண்டுதான் வேண்டும் என்றாள். நான் உள்ளே போய் என் வளையல் பெட்டியைத் திறந்து, போடாமல் வைத்திருந்த மூன்று டஜனையும் அப்படியே எடுத்து வந்து அவள் பையில் போட்டேன். அவள் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"புது வளையலாட்டம் இருக்கேக்கா. உடைக்கவா? நீ போட்டுக்கலாம்ல?"

மதினி பக்கத்தில்தான் நின்றிருந்தார். இரண்டு வெறுங்கையையும் முந்தானைக்குள் வைத்திருந்தார். நான் அந்த ஒன்றையும் அவளிடமிருந்து வாங்கிப் பையிலேயே போட்டு, பையின் வாயை இறுக்கிக் கட்டினேன்.