என்னைப் பூட்ட நான் தேர்ந்தெடுத்த பூட்டு

தொண்ணூறுகளின் கடைசியில் பாளையங்கோட்டையில் ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அடிப்போம் என்றாலும், எங்களுக்குச் சோறு போட்டது பள்ளிக்கூடக் கேள்வித்தாள்தான். பாளையங்கோட்டையிலிருந்து பாபநாசம் வரைக்கும் உள்ள சில பள்ளிகள் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தன. காலாண்டு, அரையாண்டுத் தாள்களை அந்தக் குழு எங்களிடம்தான் கொடுக்கும். அவற்றை டைப் செய்பவள் நான் ஒருத்திதான்.

ஒரு காலாண்டில் கணக்குத் தாள் தேர்வுக்கு முந்தின நாளே ஜெராக்ஸ் கடையில் கிடைத்தது. யார் வெளியே விட்டார்கள் என்று இன்றுவரை தெரியாது. தெரியாத காரியத்துக்கும் ஊரில் ஒரு ஆள் வேண்டுமே. கம்ப்யூட்டரில் உட்காருகிறவள் ஒருத்தி, தினமும் சேரன்மகாதேவியிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள், போதாக்குறைக்குப் பெரிய கைப்பை வேறு வைத்திருக்கிறாள். வேறென்ன வேண்டும்? யாரும் என் முகத்துக்கு நேரே கேட்கவில்லை. கேட்டிருந்தால் நாலு வார்த்தை நன்றாகக் கொடுத்திருப்பேன். கேட்காமல் பார்த்தார்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

குழு ஒரு நிபந்தனை போட்டது. அச்சகத்தின் எல்லாக் கம்ப்யூட்டர்களுக்கும் பூட்டு போட வேண்டும். திறக்கிற பாஸ்வேர்டு டைப் செய்கிற ஆளுக்குத் தெரியக் கூடாது. வந்து பார்ப்பார்கள், சரியில்லை என்றால் அரையாண்டு வேலை மதுரைக்குப் போய்விடும். அச்சகத்தில் கம்ப்யூட்டர் தெரிந்தவள் நான் மட்டும்தான் என்பதால், எந்தப் பூட்டு நல்ல பூட்டு என்று பார்க்கும் பொறுப்பும் என் தலையில் விழுந்தது. என்னைப் பூட்ட நானே பூட்டு தேடினேன். வீம்புக்காகவே நல்லதாகத் தேடினேன்.

முதலாளிகள் இரண்டு பேர். ஒருவர் அண்ணாச்சி. நெற்றி நிறையத் திருநீறு. மெஷின்களும் ஆட்களும் அவர் பொறுப்பு. இன்னொருவர் சார். மிஷன் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். புரூஃப் பார்ப்பதும் பள்ளிகளோடு பேசுவதும் அவர். காலையில் ஒரு சண்டை போட்டால்தான் இருவருக்கும் காபி உள்ளே இறங்கும்.

"சாயங்காலம் ஆனா அந்த டிஸ்க்கக் கழத்திப் பீரோவுல வச்சுப் பூட்டிருவோம். எதுக்கு வே இந்த சாப்ட்வேரு?" என்றார் அண்ணாச்சி.

"அது என்ன முறுக்கு டப்பாவா வே, தெனமும் கழத்தி மாட்ட? ஒரு வாரத்துல வாயப் பொளந்துரும்" என்றார் சார்.

மதுரையிலிருந்து ஒருவர் இரண்டு சாப்ட்வேர்களோடு வந்தார். முதலாவது, நாம் காட்டுகிற கோப்புகளை மட்டும் பூட்டுவது. பூட்டியதும் திரையில் மஞ்சள் நிறத்தில் பெரிய பூட்டுப் படம் வரும். அண்ணாச்சிக்கு அந்தப் படம் ரொம்பவும் பிடித்துவிட்டது. "பாத்தாலே பூட்டுன மாதிரி இருக்குல்லா" என்றார்.

மதுரைக்காரர் டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே நான் கம்ப்யூட்டரை ஒரு பிளாப்பியிலிருந்து கிளப்பி, பூட்டிய கேள்வித்தாளைத் திறந்து காட்டினேன். மஞ்சள் பூட்டு தாளை ஒளித்து வைத்ததே தவிரப் பூட்டவில்லை. அண்ணாச்சி வாய்விட்டுச் சிரித்தார். சார் சிரிக்கவில்லை. என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். என் கெட்டிக்காரத்தனத்துக்கு அதுதான் கிடைத்த கூலி.

இரண்டாவது, டிஸ்க் முழுவதையும் கலைத்துப் போட்டுவிடும். பாஸ்வேர்டு இல்லாமல் டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு போனாலும் உள்ளே இருப்பது வெறும் குப்பை. எனக்கு இதுதான் வேண்டும் என்றேன். ஏனென்றால் எங்களிடம் நான் உட்காரும் கம்ப்யூட்டரோடு ஒரு பழைய லேப்டாப்பும் இருந்தது. மேற்கே உள்ள பள்ளிகளுக்குப் புரூஃப் காட்ட அண்ணாச்சி அதை ரெக்சின் பையில் கொண்டுபோவார். ஒரு தடவை அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் அதை மறந்துவிட்டு வந்தார். திரும்பிப் போனபோது அதன் மேல் ஒரு வாழைத்தார் உட்கார்ந்திருந்தது.

இந்தச் சாப்ட்வேரில் பாஸ்வேர்டை இரண்டு பேர் ஆளுக்குப் பாதியாக வைத்துக்கொள்ளலாம். அடிக்கிறது எதுவும் திரையில் தெரியாது. மறந்தால் கடவுளே வந்தாலும் திறக்காது. மூன்று முறை தப்பாக அடித்தால் டிஸ்க் நிரந்தரமாக மூடிக்கொள்ளும். முதல் தடவை பூட்டி முடிக்க ஒரு பகல் முழுக்க ஆகும்; நடுவில் கரண்ட் போகக் கூடாது.

யாரும் கம்ப்யூட்டரைத் தொடாத ஒரு பகலைத் தேடினேன். ஆயுத பூஜை அன்று ஒருவரும் வேலை செய்ய மாட்டார்கள். இதைவிட நல்ல நாள் கிடைக்குமா என்று என்னையே மெச்சிக்கொண்டேன். காலையில் இரண்டு முதலாளிகளும் ஆளுக்குப் பாதி பாஸ்வேர்டு அடித்தார்கள். நான் சுவரைப் பார்த்து நின்றேன். பூட்டு ஓட ஆரம்பித்தது. 'தொடாதீர்கள்' என்று பெரிய எழுத்தில் எழுதி மானிட்டரில் ஒட்டிவிட்டு, பொரிகடலையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் வந்தபோது மானிட்டருக்குச் சந்தனப் பொட்டு, மேலே ஒரு முழம் பூ. கம்ப்யூட்டர் மட்டும் கிளம்பவில்லை. பாதிப் பூட்டில் நின்றிருந்தது.

"அண்ணாச்சி, யாராவது தொட்டீங்களா?"

"நான் ஏன்மா தொடுதேன்? அதான் எழுதி ஒட்டிருந்தியே. பூஜை முடிஞ்சதும் மெயின மட்டும் அணைச்சேன்."

"மெயினையா?"

"வருஷா வருஷம் அணைக்கதுதானம்மா. ஆயுதம்னா அன்னைக்கு ஒருநாள் ஓய்வு வேண்டாமா? அந்த யூபிஎஸ் கீச்சு கீச்சுன்னு கத்திச்சு. பெறவு பைய தானா அடங்கிட்டு."

அவர் மேல் கோபப்படவும் முடியவில்லை. நானும் இந்தச் சீமையில் பிறந்து வளர்ந்தவள்தான். ஆயுத பூஜையன்று ஆயுதத்தை ஓட விட்டது என் புத்திதானே.

அந்த டிஸ்க்கில் சார் பல வருஷமாகச் சேர்த்த கேள்விகள் அத்தனையும் இருந்தன. அவை போனால் அரையாண்டு வேலை இல்லை. அதைவிட, 'அந்தப் பொண்ணு வேணும்னே அழிச்சிட்டா' என்று ஊர் பேசும். மதுரைக்காரருக்குப் போன் போட்டோம். கூடக் கொடுத்த பிளாப்பியைப் போட்டு பாஸ்வேர்டை அடித்தால், விட்ட இடத்திலிருந்து ஓடும் என்றார்.

சுவரைப் பார்த்து நின்றேன். சார் அடித்தார், அண்ணாச்சி அடித்தார். தப்பு என்றது. மறுபடி அடித்தார்கள். மறுபடியும் தப்பு.

"ஒம்ம பாதிதான் வே தப்பு" என்றார் அண்ணாச்சி.

"என்னுது சின்னப் பிள்ளையில இருந்து மனப்பாடமா இருக்க வேத வசனம் வே. நீரு என்னத்த அடிச்சீரோ?"

இன்னும் ஒரு தடவைதான் பாக்கி. சார் தன் பாதியை முதுகால் மறைத்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக அடித்துவிட்டு நகர்ந்தார். அண்ணாச்சி உட்கார்ந்தார். கீபோர்டில் சத்தமே வரவில்லை.

"எம்மா, இங்கன திரும்பு. நான் அடிக்கதப் பாரு."

"குழுவுக்கு என்ன வே பதில் சொல்ல?" என்றார் சார்.

"அத நான் சொல்லிக்கிடுதேன். இந்தப் பிள்ள பாக்காம இது ஆவாது."

திரும்பிப் பார்த்தேன். அண்ணாச்சியின் விரல் கீபோர்டின் வலது ஓரத்து எண்களுக்குப் போனது. பத்திரிகைத் தேதியெல்லாம் அங்கேதான் தட்டிப் பழகியவர். அதற்கு மேலே இருக்கிற சின்ன விளக்கு எரிந்தால்தான் அவை எண்கள். எரியாவிட்டால் வெறும் அம்புக்குறிகள். பிளாப்பியிலிருந்து கிளப்பியதால் விளக்கு அணைந்திருந்தது. அவர் கையைப் பிடித்து நிறுத்தி, விளக்கை எரிய விட்டேன். "இப்ப அடிங்க அண்ணாச்சி." அடித்தார். பூட்டு விட்ட இடத்திலிருந்து ஓட ஆரம்பித்தது. மூன்று பேரும் சாயங்காலம் வரைக்கும் மெயின் சுவிட்சுக்குக் காவல் உட்கார்ந்திருந்தோம்.

"எனக்கு ஒங்க பாதி தெரிஞ்சுட்டு அண்ணாச்சி. மாத்திருங்க" என்றேன்.

"எதுக்கு? அடுத்த ஆயுத பூஜைக்கு மறுபடி ஒன்னத்தான கூப்பிடணும்" என்றார். அது என்ன எண் என்று இன்றைக்கும் யாரிடமும் சொன்னதில்லை.

குழுவிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். பூட்டைப் பார்த்தார்கள், திருப்தி. "பாஸ்வேர்டு யார் யாருக்குத் தெரியும்?" என்றார்கள். இரண்டு பேர் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எங்க ரெண்டு பேருக்கும் ஆளுக்குப் பாதி. என் பாதி இந்தப் பிள்ளைக்கும் தெரியும்" என்றார் அண்ணாச்சி.

"டைப் அடிக்கிறவங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு எழுதிக் கொடுத்தோமே?"

"கொடுத்தீங்க. ஆனா அவளுக்குத் தெரியாட்டாத்தான் எனக்குப் பயமா இருக்கு."

அவர்கள் சிரிக்கவில்லை. அரையாண்டு வேலை மதுரைக்குப் போயிற்று. வருகிறது மார்கழி, கல்யாணப் பத்திரிகையும் வராது. அன்றைக்கு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதேன். வேலை போன துக்கமா, ஒரு மனிதர் என்னை நம்பியதற்காகவா என்று பிரிக்கத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் ஒரு கடைக்காரரின் காலண்டர் வேலை வந்திருந்தது. வழக்கம்போல சார் பாஸ்வேர்டு அடிக்க வந்தார். நான் எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பினேன்.

"உக்காரும்மா" என்றார். "அந்தக் கணக்குத் தாள் விஷயத்துல நான் ஒன்னத்தான் சந்தேகப்பட்டேன். மனசு கேக்கல."

அவர் நாற்காலியை என் பக்கம் தள்ளிவிட்டு, தன் பாதியைச் சத்தமாகச் சொன்னார். நான் உட்கார்ந்து அடித்தேன்.