நான் அதுல புதுசு, முதலாளி

ஒரு வெள்ளைத் தெர்மாகோல் பலகை. அதன்மேல் மூலைக்கு மூலை குண்டூசி குத்தி, பக்கம் பக்கமாக இரண்டு படங்கள். இரண்டிலும் ஒரே பெண், ஒரே முக்காலி, ஒரே ஜன்னல். ஒன்றில் அவள் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். கட்டியிருக்கிற பட்டு பச்சையாக இருக்கிறது. இன்னொன்றில் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள். அதே பட்டு அரக்குச் சிவப்பாக இருக்கிறது. காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில், சாப்பாட்டு மேசைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு நாங்கள் கூடுகிற கூடத்தில் அந்தப் பலகையைப் பார்த்தேன். இரண்டு வருஷம் ஆகிவிட்டது. இப்போதும் எந்தப் படத்தில் எந்தப் பக்கம் ஊசி சாய்ந்திருந்தது என்றுகூட என்னால் சொல்ல முடியும்.

பசங்களா, இதை ஏன் உங்களுக்கு எழுதுகிறேன் என்றால், போன மாதம் நான் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனேனே, அதற்குக் காரணம் சொல்ல வேண்டும். பெரியவள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எடுத்த போட்டோக்களை வரிசையாக வைத்து, ஒவ்வொருவரையும் கருத்துச் சொல்லச் சொன்னார்களாம். இவள் வந்து, “நானே இப்பதான் போன்ல எடுக்கக் கத்துக்கினு இருக்கேன், அடுத்தவங்க படத்தை நான் என்னான்னுப்பா சொல்றது? நான் புதுசு மிஸ்னு சொல்லிட்டேன்” என்றாள். உங்கள் அம்மா, “எம்மாம் அடக்கம் பாரு என் பொண்ணுக்கு” என்று மெச்சினாள். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. கத்தினேன். நீங்கள் இரண்டு பேரும் பயந்துபோய் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டீர்கள். அந்தக் கோபம் உங்கள்மேல் இல்லை. அந்த வார்த்தையின்மேல். அதை நானும் ஒருமுறை சொல்லியிருக்கிறேன்.

நான் பத்தாவதுக்குமேல் படிக்காதவன். பதினெட்டு வருஷமாகப் பட்டுக்கடையில் நின்றுகொண்டே புடவை விரித்துக் காட்டுகிறவன். சின்னவனும் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பிறகு, உங்களையெல்லாம் நன்றாகப் படம் எடுத்து வைக்க வேண்டும் என்ற ஆசையில் ஒரு பழைய கேமரா வாங்கினேன். அதோடு போட்டோ எடுக்கிறவர்கள் சேர்ந்து நடத்துகிற ஒரு குழுவிலும் சேர்ந்தேன். மாதத்தில் இரண்டாவது ஞாயிறு கூடுவோம். அவரவர் எடுத்த படத்தைப் பலகையில் குத்தி வைப்பார்கள். மற்றவர்கள் குறை நிறை சொல்ல வேண்டும். அதன் செயலாளர் வெளியூரிலிருந்து வேலை மாற்றலாகி வந்தவர். கழுத்தில் இரண்டு கேமரா, பேச்சில் எப்போதும் ஒரு பிரம்பு. குழுவில் ஒரே ஒரு பெண். பஜாருக்குப் பின்னால் ரவிக்கை தைக்கிற கடை வைத்திருந்த டெய்லர் அக்கா. தைக்கக் கொடுக்க வருகிற கல்யாணப் பெண்களைப் பார்த்துப் பார்த்து, ஒரு புடவை உடம்பில் எப்படி விழும் என்பதை அவர் கண் அளந்து வைத்திருந்தது. படத்திலும் அது தெரியும்.

முதல் கூட்டத்திலேயே நான் வாயைத் திறந்தேன். அதற்கு முந்தின பத்து நாளும் போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, தலைக்குமேல் இத்தனை இடம் விட வேண்டும், ஆளை நடுவில் வைக்கக் கூடாது என்று பாடம் பண்ணிக்கொண்டு போயிருந்தேன். அக்காவின் படம் ஒன்று இருந்தது. வரதராஜர் கோயில் குளத்துப் படியில் ஒரு கிழவர் குனிந்து முகம் கழுவுகிறார். நான் எழுந்து, “ஆளை நட்ட நடுவுல வெச்சிட்டீங்க. தலைக்கு மேல எடமே இல்ல. தப்பு” என்றேன். அக்கா சிரித்துவிட்டார். “தம்பி, அவரு குனிஞ்சிக்கினு இருக்காரு. தலைக்கு மேல எடம் விட்டா முதுகுதான்பா வரும்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருந்தால் அதோடு போயிருக்கும். நான் விடவில்லை. வீடியோவில் கேட்ட இங்கிலீஷ் வார்த்தைகளை எடுத்து எடுத்து வீசினேன். இன்னும் மூன்று பேர் படங்களையும் அதே கத்தரியில் வெட்டினேன். உண்மையைச் சொன்னால், அன்றைக்கு நான் ஒரு படத்தையும் பார்க்கவில்லை. எதில் என்ன குறை சொல்லலாம் என்று மட்டும் பார்த்தேன்.

செயலாளர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் எழுந்து, “கேமரா வாங்கி எத்தனை மாசம்?” என்று கேட்டார். இரண்டு மாதம் என்றேன். “லென்ஸைத் துடைக்கத் தெரியுமா?” என்றார். மறுபடியும் சிரிப்பு. அன்றைக்கே ஒரு விதி போட்டுவிட்டார். புதிதாகச் சேருகிறவர்கள் ஒரு வருஷத்துக்குப் பின்வரிசையில் உட்கார வேண்டும். படம் வைக்கலாம், பார்க்கலாம், பிறர் படத்தைப் பற்றிப் பேசக் கூடாது. அது எனக்காகவே தைத்த சட்டை. எனக்கு அது வேண்டியதுதான் என்று அப்போதே தோன்றியது. ஆனால் ஆத்திரமும் இருந்தது. எங்கள் கடைக்குத் தென்னேரிப் பக்கத்திலிருந்து நெல் வயலில் வேலை செய்கிற அம்மாக்கள் வருகிறார்கள். தறியைக் கிட்டத்தில் பார்த்திருக்க மாட்டார்கள். புடவையின் ஓரத்தை இரண்டு விரலால் நிமிண்டிப் பார்த்து, “இது ரெண்டு தடவை கட்டினா தொவண்டுபூடும்பா” என்பார்கள். பத்துக்கு ஒன்பது சரியாக இருக்கும். நெய்யத் தெரிந்தவன்தான் புடவையைச் சொல்ல வேண்டும் என்றால் எங்கள் கடையில் ஒரு புடவை விற்காது. இதை அப்போதே செயலாளரிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பின்வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அந்த வருஷம் குழு ஒரு கண்காட்சி வைக்க முடிவு செய்தது. எங்கள் முதலாளி கடைச் சுவருக்கும் விளம்பரத்துக்கும் புடவைப் படங்கள் எடுக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார். “உங்க கூட்டத்துலயே யாராச்சும் நல்லா எடுத்தா சொல்லுப்பா. கண்காட்சியில பாத்துட்டுக் குடுத்துடலாம்” என்றார். நான்தான் டெய்லர் அக்காவைப் பற்றிச் சொன்னேன். அக்காவிடமும் சொன்னேன். அவர் அளவெடுக்கிற நாடாவைக் கழுத்தில் போட்டபடி அப்படியே நின்றுவிட்டார். “நெஜமாவா தம்பி? அது கெடைச்சா நான் இந்த மெஷினை விட்டு எழுந்திரிச்சிடுவேன்பா. முதுகு போயிட்டுது” என்றார். கண்காட்சிக்கு அவர் வைக்கத் தேர்ந்தெடுத்ததுதான் அந்த இரண்டு படங்கள்.

கண்காட்சிக்கு முந்தின கூட்டத்தில் தேர்வு நடந்தது. செயலாளர் அந்தப் பலகைக்கு முன்னால் நின்றார். மூக்குக் கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார். “கம்ப்யூட்டரில் நிறம் மாற்றிய படம் எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று சொன்னோமா இல்லையா?” என்றார்.

“மாத்தலை சார். அது பொடவையோட வேலை. என் வேலை இல்ல” என்றார் அக்கா.

“டபுள் ஷேடு எனக்கும் தெரியும்மா. மடிப்பில் லேசாக இன்னொரு நிறம் அடிக்கும். இப்படி ஆள் திரும்பி உட்கார்ந்தால் முழுப் புடவையும் மாறுமா? யாரிடம் கதை விடுகிறீர்கள்? அந்தப் புடவையைக் கொண்டுவந்து காட்டுங்கள் பார்ப்போம்.”

அக்கா பலகையை ஒருமுறை பார்த்தார். பிறகு, “அது கஸ்டமர் பொடவை சார். ஃபால்ஸ் அடிக்கக் குடுத்தாங்க. என் பொண்ணுக்குக் கட்டி எடுத்தேன். தப்புதான். திருப்பிக் குடுத்துட்டேன்” என்றார். முன்வரிசையில் ஒருவர், “ஓ, ஊர்ப் பொடவையில ஷோக்கா?” என்றார். சிரித்தார்கள். அக்கா சிரித்தவர்களைப் பார்க்கவில்லை. திரும்பிப் பின்வரிசையை, என்னைப் பார்த்தார்.

ஏன் என்னைப் பார்த்தார் தெரியுமா? அந்தப் புடவையை விற்றது நான்; அது அக்காவுக்கும் தெரியும். சிவப்புப் பாவு, பச்சை ஊடை. நீளவாட்டில் ஓடுகிற இழை ஒரு கலர், குறுக்கே ஓடுகிற இழை வேறு கலர். வெளிச்சம் விழுகிற பக்கத்தைப் பொறுத்து ஒன்று மேலே வரும், இன்னொன்று அடங்கிப்போகும். எல்லா டபுள் ஷேடும் இந்த அளவு மாறாது, இது மாறும். இதற்காக நான் எத்தனை திட்டு வாங்கியிருக்கிறேன்! “பச்சைன்னு சொல்லி செவப்பைக் கட்டி அனுப்பிட்டியே” என்று கடை வாசலிலேயே என் சட்டையைப் பிடித்தவர்கள் உண்டு. அதனால்தான் எந்தப் புடவையையும் வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் ஒருமுறை, நிழலில் ஒருமுறை திருப்பிக் காட்டிவிட்டுத்தான் மடிப்பேன். அதுமட்டுமில்லை. ஒரு பாவில் மூன்று புடவை நெய்வார்கள். அதே பாவில் நெய்த இன்னொன்று எங்கள் கடை அலமாரியில் மூன்றாவது தட்டில் இருந்தது. வண்டியை எடுத்தால் பத்து நிமிஷம். அந்தக் கூடத்தில் இருந்த எல்லோரையும்விட அந்தப் படத்தைப் பற்றி எனக்குத்தான் அதிகம் தெரியும்.

பாதி எழுந்தேன். செயலாளர் கையைக் காட்டினார். “பின்வரிசை பேசக் கூடாது.” உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவுதான். படங்களைப் பிடுங்கினார்கள். ஒரு ஊசி கீழே விழுந்தது. அக்காவே குனிந்து அதை எடுத்து, யார் காலிலும் குத்தாதபடி மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

பெரியவர்களைப் பற்றி மரியாதையாகப் பேச வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லித் தந்தவன் நான். ஆனாலும் சொல்கிறேன், அந்த ஆளை எனக்கு இன்றைக்கும் பிடிக்காது. அவர் பொய் சொல்லவில்லை, சூது செய்யவில்லை. தனக்குத் தெரியாதது உலகத்தில் நடக்காது என்று மனதார நம்பினார். சூது செய்கிறவனுக்காவது உள்ளே ஒரு உறுத்தல் இருக்கும். இவர் அன்று இரவு நிம்மதியாகத் தூங்கியிருப்பார். அவர் போட்ட விதியும் அப்படித்தான். வாய்க்கொழுப்பை அடக்கப் போட்டார்; அது கண்ணையும் சேர்த்துக் கட்டிவிட்டது. புதிதாக வந்தவனுக்குத் தெரியாதது நூறு இருக்கும். தெரிந்தது ஒன்று இருந்தால் அந்த ஒன்றைக் கேட்கக் கூட ஒரு காது வேண்டாமா?

ஆனால் முழுப் பழியையும் அவர் தலையில் கட்ட முடியாது. கட்டிப் பார்த்தேன், நிற்கவில்லை. ஏனென்றால் மறுநாள் திங்கட்கிழமை. கடை. பின்வரிசை கிடையாது, விதி கிடையாது. முதலாளி கல்லாவில் உட்கார்ந்துகொண்டு, “ஏம்பா, நீ சொன்ன டெய்லரம்மா ஏதோ டூப் வேலை பண்ணிட்டாங்களாமே? உங்க செயலாளர் போன் பண்ணாரு. நெஜமா?” என்று கேட்டார். என் முதுகுக்குப் பின்னால்தான் அந்த அலமாரி. கையை நீட்டினால் மூன்றாவது தட்டு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? “எனக்கு என்னா தெரியும். நான் அதுல புதுசு, முதலாளி.”

முந்தின நாள்வரை அந்த வார்த்தை என்னை அடித்தது. அன்றைக்கு அதையே இழுத்துப் போர்த்திக்கொண்டேன். பேசினால் செயலாளரோடு சண்டை. சிபாரிசு செய்தவன் என்று முதலாளிக்கு என்மேல் சந்தேகம் வரும். ஊர்ப் புடவையைக் கட்டிய விஷயமும் இழுபடும். இதையெல்லாம் ஒரு நொடியில் நினைத்தேன். அடக்கம் என்று பெயர் வைத்தால் கேட்கிறவர்களுக்கும் நன்றாக இருக்கிறது. படம் எடுக்கிற வேலை சென்னை ஆட்களுக்குப் போனது. கஸ்டமர் புடவையைக் கட்டிப் பார்க்கிறவர் என்ற பேச்சு பரவி, அக்காவுக்கு ரவிக்கை வருவதும் குறைந்தது. கேமராவை விற்றுவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

உங்களைத் திட்டிய மறுநாள் அதே சிவப்புப் பாவு, பச்சை ஊடையில் வேறொரு புடவையைக் கடை வாசலில் திருப்பித் திருப்பிப் பிடித்துப் போனில் இரண்டு படம் எடுத்தேன். குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டு, அன்றைக்கு அக்கா சொன்னது உண்மை, எனக்கு அப்போதே தெரியும் என்று எழுதினேன். செயலாளரிடமிருந்து பதில் வந்தது: “உங்கள் அனுபவம் எத்தனை வருஷம்?” நான், “கேமராவுல ரெண்டரை. பொடவையில பதினெட்டு” என்று எழுதினேன். கொஞ்ச நேரத்தில் என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். எனக்கு ஏதோ பெரிய வீரம் செய்துவிட்ட மாதிரி இருந்தது. அதைக் காட்ட அக்கா கடைக்குப் போனேன்.

அவர் மெஷினை நிறுத்தாமலே போனை வாங்கினார். முழுவதும் படித்தார். “உங்க முதலாளி இதைப் படிச்சாரா சார்?” என்றார். இப்போது நான் அவருக்குத் தம்பி இல்லை, சார்.

“அவரு அந்த குரூப்புல இல்லக்கா.”

“அப்ப இது எதுக்கு?” என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்த துணியை ஊசிக்கடியில் வைத்தார்.

அங்கிருந்து நேராக முதலாளியிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அந்தத் திங்கட்கிழமை நான் சொன்னது பொய் என்பதையும் சொன்னேன். திட்டுவார், வேலையை விட்டுக்கூட அனுப்புவார் என்று நினைத்தேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

“அந்தப் படத்தை நான் கண்ணால பாக்கலை. நீ பாத்திருந்தே. அதனாலதான் உன்னைக் கேட்டேன்” என்றார். “போட்டோவைப் பத்தியா உன்னைக் கேட்டேன்? அந்தம்மா ஏமாத்துக்காரியா இல்லையான்னுதானே கேட்டேன்? அதுலயும் நீ புதுசா?”