அண்ணாந்து குடித்தவர்

அப்பாவுக்கு அறுபத்தைந்து வயதில் பக்கவாதம் வந்தது. கை கால் தேறிவிட்டது, தொண்டை தேறவில்லை. ஒரு வாய் தண்ணீர் கொடுத்தால் புரையேறிக் கண் பிதுங்கும். மூக்கில் குழாய் செருகிக் கஞ்சி விட்டார்கள். ரெட்டியார்சத்திரம் தோட்டத்தில் மூன்று ஆள் சோற்றை ஒரே ஆளாகச் சாப்பிட்டவர் அவர்.

திண்டுக்கல் ஆஸ்பத்திரி டாக்டரம்மா வழி சொன்னார். "கண்ணாடி முன்னால உக்காருங்க. தலையைக் குனிஞ்சு தாடையை நெஞ்சுப் பக்கம் இறக்கி, டம்ளர்ல வாய் வச்சு ஒரு மடக்கு குடிங்க. குரல்வளை மேல ஏறுதான்னு பாருங்க. ஏறுனா செத்த நேரம் அதை மேலயே நிறுத்துங்க. இருமாம இறங்குனா குழாயை எடுத்துரலாம். இல்லைன்னா அதோடதான் இருக்கணும்."

அப்பா காதில் 'வாய் வச்சு' மட்டும்தான் விழுந்தது.

"எச்சி பண்ணிக் குடிக்க நான் என்ன பச்சப்புள்ளயா?"

பேச்சு குழறினாலும் வசவு தெளிவாகவே வந்தது. எங்கள் வீட்டில் செம்பைத் தூக்கி அண்ணாந்து ஊற்றிக்கொள்வதற்குத்தான் குடிப்பது என்று பெயர்.

அம்மாவின் கல்யாணக் கண்ணாடியை நான் பிடித்துக்கொள்வேன். குனிந்து குடிக்கச் சொன்னால் அப்பா சரி சரி என்பார். டம்ளர் கைக்கு வந்ததும் தலை தானாகப் பின்னால் சாயும். புரையேறும். என் சேலை நனையும்.

"ஏத்தா, ஒண்ணுமே தெரியல. ஒழுங்காப் புடி."

"அண்ணாந்தா எப்படிப்பா தெரியும்?"

"அப்ப கண்ணாடிய மேல தூக்கு."

நானும் ஒரு புத்திசாலி! ஸ்டூலில் ஏறி, அவர் தலைக்கு மேலே கண்ணாடியைக் கவிழ்த்துப் பிடித்தேன். அதில் அவருக்குத் தெரிந்தது அவருடைய மூக்குத் துவாரமும் குழாயும்தான். அன்று வந்த இருமலில் முகம் கறுத்து, மூச்சு திரும்ப வெகு நேரமாயிற்று. நான் பயந்து அழுதுவிட்டேன்.

அடுப்படியிலிருந்து அம்மா வந்தாள். அப்பாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள், ஒரு கையால் அவர் பிடரியை முன்னால் அழுத்தி, மறு கையால் டம்ளரை உதட்டில் வைத்தாள்.

"எச்சியானா ஆகட்டும். குடிங்க."

நான் கண்ணாடியை நேரே பிடித்தேன். அப்பா முறைத்துக்கொண்டே ஒரு மடக்கு குடித்தார். குரல்வளை ஏறியது, நின்றது, இறங்கியது. இருமலுக்காக மூவரும் காத்திருந்தோம். வரவில்லை.

"அந்த டம்ளரைத் தனியா வை" என்றார் அப்பா.

அம்மா வைக்கவில்லை. மிச்சத் தண்ணீரை அதே டம்ளரில் வாய் வைத்துக் குடித்தாள். அப்பா கண்ணாடியில் அவள் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒனக்கும் ஏறுதுடி" என்றார்.