மூன்றாவது கியரும் ஒரு தேங்காய்ச் சில்லும்

மாலையை முதலில் போட்டதுதான் நாங்கள் செய்த தவறு.

மைசூரின் மண்டி மொஹல்லாவில் ஒருவர் தன்னுடைய பழைய டீசல் பிக்கப்பை விற்கிறார் என்று கேள்விப்பட்டு, விஜயநகரிலிருந்து கணவரும் நானும் மூன்று வயது மகளும் போய் இறங்கியபோது மணி பத்தேகால். வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம் தொடங்கிவிடும். வண்டி பிடித்துப்போனால் கையோடு பூஜையை முடித்துவிட வேண்டும் என்று மாமியார் சாமந்தி மாலை, எலுமிச்சை, கற்பூரம், தேங்காய் எல்லாம் பையில் வைத்து அனுப்பியிருந்தார். பஸ்ஸில் வரும்போதே இரண்டு முறை போன் செய்து நேரத்தையும் நினைவூட்டினார்.

"பாத்துட்டுப் போடலாங்க," என்றேன்.

"பாக்கறதுக்குள்ள ராகு காலம் வந்துரும் கண்ணு. மாலை போட்டா வாங்கியே தீரணும்னு சட்டமா?" என்றார் கணவர்.

போட்டுவிட்டார். சக்கரத்தடியில் எலுமிச்சையும் நசுங்கியது. வண்டிக்காரர் கைகட்டி நின்று பார்த்து, "ஆயித்து, முடிஞ்சுபோச்சு! சாமுண்டியம்மாவே ஒப்புக்கிட்டா. இனிமே நாம என்ன பேசறது அக்கா?" என்றார். பூஜை போட்ட வண்டியை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வருமா?

கணவர் பத்து வருடமாக மற்றவர்களின் வண்டியை ஓட்டுகிறவர். இந்த வண்டியில் பூச்செடிகளை ஏற்றிக்கொண்டு, கொள்ளேகால் வழியாகப் போய், மாதேஸ்வரன் மலையைக் கடந்து, காட்டு வழியாகப் பாலாறு செக்போஸ்ட்டுக்கு இறங்கி, மேட்டூர்ப் பக்கத்து நர்சரிகளுக்கு வாரம் ஒருமுறை கொடுத்துவருவது திட்டம். இறக்கத்தில் பாரத்தோடு போகிற வண்டியைக் கியர்தான் இழுத்துப் பிடிக்க வேண்டும். போட்ட கியர் நிற்காவிட்டால் அந்தக் காட்டுக்குள் பிரேக்கை மட்டும் நம்பி இறங்க வேண்டும். இதை எங்கோ படித்த நாளிலிருந்து எனக்கு அந்த இறக்கம்தான் கண்ணுக்குள் நின்றது. மகள் தூங்கும் நேரங்களில் வீடியோக்களைப் பார்த்து, எதையெல்லாம் சோதிக்க வேண்டும் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். கணவர் அதை 'பரீட்சைப் பேப்பர்' என்பார். வண்டிக்காரரிடமும் அப்படியே சொல்லிவிட்டார்.

ஒவ்வொன்றாகப் பார்த்தோம். கியர்பாக்ஸுக்குக் கீழே எண்ணெய்க் கசிவு இல்லை. நியூட்ரலில் நிறுத்தி, கிளட்சை மிதித்தும் விட்டும் காதைக் கொடுத்தோம். சத்தத்தில் மாற்றமில்லை, ஆகவே பேரிங் சரி. ஹேண்ட்பிரேக்கைப் போட்டு மூன்றாவது கியரில் கிளட்சை மெதுவாக விட்டபோது எஞ்சின் முறையாக அணைந்தது, ஆகவே கிளட்ச் வழுக்கவில்லை. ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுந்தது.

"பேப்பர்ல இன்னும் எத்தனை கேள்வி இருக்கு அக்கா? நான் பாஸா?" என்றார் வண்டிக்காரர்.

"ஓட்டிப் பாக்கணுங்ணா," என்றேன்.

"மலைக்கே போயிட்டு வந்துரலாம். தேங்காயும் உடைச்சாப்ல ஆச்சு. ஆனா வண்டியோட ஆர்.சி. என் பேர்ல இருக்கற வரைக்கும் நான்தான் ஓட்டுவேன்."

அது நியாயமாகத்தான் பட்டது. சாமுண்டி மலையில் வண்டி ஒரு முனகலும் இல்லாமல் ஏறியது. தேங்காய் உடைத்துக் கும்பிட்டுவிட்டு இறங்கினோம். நான் நடுவில், மகள் என் மடியில், ஜன்னலோரம் கணவர். மகளின் கால் கியர் கம்பியில் பட்டுவிடப் போகிறதே என்று அதைப் பிடித்துக்கொண்டே வந்ததால்தான் வண்டிக்காரரின் இடது கையைக் கவனித்தேன். அது கியரை விட்டு நகரவே இல்லை. சட்டைப் பையில் போன் அடித்தது.

"போன் அடிக்குதுங்ணா."

"அடிக்கட்டும் அக்கா."

சாலையைக் கடக்கும்போது நான் மகளின் கையைப் பிடிப்பதுபோல அந்தக் குமிழைப் பொத்திப் பிடித்திருந்தார். பழக்கமாக இருக்கலாம் என்று நினைத்தேன். எல்லாவற்றையும் சந்தேகப்படுகிறேனே என்று என்னையே கடிந்துகொண்டேன்.

அடிவாரத்துக்கு அருகில் சாலை நேராகி, வண்டி மெல்ல உருண்டுகொண்டிருந்தது. மகள் தேங்காய் கேட்டாள். அவளுக்கு ஒரு சில்லு கொடுத்தேன், கணவருக்கு ஒன்று. ஓட்டுகிறவரை விட்டுவிட்டுத் தின்பது முறையா?

"பிரசாதம் எடுத்துக்குங்ணா."

அவர் என்னைப் பார்த்தார், சில்லைப் பார்த்தார். பிரசாதத்தை இடது கையால் வாங்க முடியாது. வேறு வழியின்றி இடது கையை ஸ்டீயரிங்குக்கு மாற்றி, வலது கையை நீட்டினார்.

டக்.

கியர் கம்பி தானாகவே நடுவுக்கு, நியூட்ரலுக்கு, வந்து நின்றது. எஞ்சின் சத்தம் தணிந்தது. வண்டி சுதந்திரமாக ஓடத் தொடங்கியது. அவர் பிரேக்கை மிதித்து ஓரங்கட்டினார். தேங்காய்ச் சில்லு இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

"ரோடு சரியில்ல அக்கா. மேடு பள்ளம்," என்றார்.

கணவர் ஜன்னல் வழியே வழவழவென்றிருந்த தார்ச்சாலையைப் பார்த்தார். "அண்ணா, இன்னொரு சில்லு குடுக்கச் சொல்லட்டுங்களா?"

அடிவாரத்துச் சமதளத்தில் இன்னும் மூன்று முறை பார்த்தோம். மூன்றாவது கியரில் வேகம் எடுத்து, கையை விலக்கி, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன், டக். மூன்று முறையும். கடைசியில் வண்டிக்காரரே சிரித்துவிட்டார்.

"இதுக்கு முன்னாடி ஏழு பேர் வண்டி பாக்க வந்தாங்க அக்கா. எல்லாரும் எஞ்சினைப் பாத்தாங்க, டயரைப் பாத்தாங்க. ஒருத்தரும் பிரசாதம் குடுக்கல."

கணவர் இறங்கி, வண்டியின் முன்னால் தொங்கிய மாலையைப் பார்த்தார், பிறகு என்னை. "என்ன பண்ணலாம் கண்ணு?"

"மூணாவது கியர் நிக்கிற வரைக்கும் வேண்டாங்க," என்றேன். சொல்லிய கையோடு சொன்னது சரியா என்ற பயம் வந்துவிட்டது. மாமியாரை அழைத்தேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

"மாலையைக் கழட்டாதே. அது அங்கயே இருக்கட்டும்," என்றார் அவர். "கியரைச் சரி பண்ணச் சொல்லு. நம்மளுதுன்னா திரும்பி வரும்."

மூன்று பேரும் பஸ்ஸில் வீட்டுக்கு வந்தோம்.

இருபது நாள் கழித்து வண்டிக்காரர் அழைத்தார். கியர்பாக்ஸைப் பிரித்து, மூன்றாவது கியரின் தேய்ந்த பல்சக்கரத்தையும் அதை நகர்த்துகிற ஃபோர்க்கையும் மாற்றியாகிவிட்டதாம். போனபோது கழற்றிய பாகங்களை ஒரு செய்தித்தாளில் பரப்பிக் காட்டினார். பம்பரில் சாமந்தி மாலை சருகாகத் தொங்கியது.

"எடுத்திருக்கலாமேங்ணா," என்றேன்.

"சாமுண்டியம்மாவுக்குப் போட்டது. எனக்குப் பயம் அக்கா."

மறுபடியும் மலை ஏறி இறங்கினோம். நேரான இடம் வந்ததும் நான் கேட்காமலேயே, "எங்கே பிரசாதம்?" என்று வலது கையை நீட்டினார். கியர் அசையவில்லை. அன்றே வண்டி எங்களுடையதாயிற்று.

முதல் சவாரியில் கணவர் பாலாறு செக்போஸ்ட்டிலிருந்து அழைக்கும்வரை, வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

"இறங்கியாச்சு கண்ணு."

"மூணாவது?"

"கல்லாட்டம் நின்னுச்சு."

"கையை எடுத்துப் பாத்தீங்களா?"

"எடுத்தேன், எடுத்தேன். உன்ற நோட்டுல இருக்கற எல்லாத்தையும் பாத்துட்டேன், போதுமா?"

நிம்மதியாகத்தான் இருந்தது. இருந்தாலும் அவர் போனை வைப்பதற்குள் கேட்டுவிட்டேன்.

"ஏங்க, நாலாவது?"