கிழக்கே திரும்பிய மிதவை வீடு

மிதவை வீடுகளுக்கு முகவரி கிடையாது என்றொரு பிழையான நம்பிக்கை மக்களிடையே வேரூன்றியிருக்கிறது. பொறுப்புணர்வோடு மறுக்கிறேன். முகவரி உண்டு, தபால்காரரும் உண்டு, திசைதான் கிடையாது. லாசால் என்ற ஆற்றங்கரை ஊரில் ஒரு படகுத்துறையில் இந்த வீடுகளைக் கயிற்றால் கட்டி நிறுத்துவது என் தொழில். வாடிக்கையாளரிடம் ‘முடியாது’ என்று சொல்லத் தெரியாமல் அவதிப்படும் அன்பர்கள் என்னைப் புரிந்துகொள்வார்கள்.

வாசல்

சென்னைப் பொறியாளர் ராகவன், தண்ணீரில் வாழ வேண்டும் என்ற நெடுநாள் ஆசையில் மிதவை வீடொன்றை வாங்கிவிட்டு, மனைவி சுமதியை அக்கரையிலுள்ள புரோசார்டிலிருந்து அழைத்து வந்தார். வாசல் மேற்கே, கரைக்குப் போகும் நடைமேடையைப் பார்த்து இருந்தது. வாசல் கிழக்கே இல்லாத வீட்டில் கால்வைக்க மாட்டேன் என்றார் சுமதி. தரையில் கட்டிய வீடென்றால் இது வழக்கறிஞர்வரை போயிருக்கும். எங்களுக்கு நாலு கயிறு அவிழ்த்தால் போதும்.

நானும் கூட்டாளி சிவமும் வீட்டை இழுத்துத் திருப்பினோம். இப்போது கதவைத் திறந்தால் ஆறு. “அக்கா, இதால ஆர் வருவினம்?” என்றான் சிவம்.

“லட்சுமி வருவா. பாற்கடல்ல பொறந்தவளுக்குப் படிக்கட்டு எதுக்குத் தம்பி?”

பால்

குடிபுகும் நாளில் அவர்களைப் படகில் கொண்டுபோய் வாசலில் இறக்கினோம். என்னையும் உள்ளே அழைத்தார்கள். சிவம் படகிலேயே இருந்தான். பால் கிழக்கே பொங்கினால் குடியேறுவது, தெற்கே பொங்கினால் அன்றே புரோசார்டுக்குத் திரும்புவது என்பது சுமதியின் நிபந்தனை.

நுரை தெற்கு விளிம்பில்தான் ஏறியது. ராகவன் என்னைப் பார்த்த பார்வையைக் கல்லும் தாங்காது. ஆற்றுப்பக்க ஜன்னல் வழியே துண்டை ஆட்டினேன். சிவம் படகை விரட்டிக்கொண்டு போனான். அலை வந்து வீட்டை முதலில் மேற்கே சாய்த்தது. மூவரும் மூச்சு விடவில்லை. பிறகு கிழக்கே சாய்த்தது. பால் வழிந்தது. சுமதி கைகூப்பினார்.

ராகவன் என் காதோடு சொன்னார்: “சார், தைப்பொங்கலுக்கும் நீங்க ரெண்டு பேரும் கண்டிப்பா வந்துடணும்.”

படகு

ஒரு வாரம் அவர்களைப் படகில் ஏற்றி இறக்கினோம். பிறகு மேலாளர் அம்மையார், துறையின் படகு வாடகை வண்டியல்ல என்று பிரெஞ்சு, ஆங்கிலம் என இரண்டு மொழிகளிலும் விளக்கினார். வீட்டைப் பழையபடி திருப்பிவிடட்டுமா என்று சுமதியிடம் கேட்டேன்.

“வந்த லட்சுமியை வெளியே அனுப்பச் சொல்றீங்களா?”

நடைமேடையில், அவர்கள் சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழே, இப்போது ஒரு கால்மிதியடி கிடக்கிறது.