யானை மாமாவும் பறி கவ்வின சின்னியும்

பசங்களுக்குக் கூத்து கத்துக்குடுக்கற தொழிலுக்கு மத்தளம்கூட அப்புறந்தான், முதல்ல வேணும் ஒரு சட்டி அவிச்ச பயறு. பயறு தீர்ந்தா ராசாவும் வூட்டுக்குப் போயிடுவான், மந்திரியும் போயிடுவான். என்னை மாதிரி கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன சனங்களே, உங்களுக்குத் தெரியாததா!

போன மழையில ஏரியில படகு கவுந்துச்சு. ஆளுங்களுக்கு ஒண்ணும் ஆவல, பசங்கதான் மிரண்டு போச்சுங்க. அதுல சின்னின்னு ஒரு பொண்ணு அன்னிலேர்ந்து வாயே தொறக்கல. “அத்தே, ஒரே ஒரு வார்த்தை பேச வெச்சிடு”ன்னு அவ அம்மா அழுதா. அதுக்குத்தான் நம்ம கோட்டைக்குப்பத்து மணல்ல கூத்து கட்ட ஆரம்பிச்சேன். (மத்தளம் வாங்கப் பொன்னேரிக்குப் போயி மாட்டு வண்டிலேர்ந்து வுழுந்த கதை ஒண்ணு கீது. அத்த வுடு.)

ராசா குந்திட்டாரு

ராசா வேஷம் முனியனுக்கு. “மோதிரம் காணோம், தேடுடா”ன்னேன். எங்க பசங்க ஏரியில எறாவைக் கையால தடவிப் புடிக்கறவங்க. தேடுன்னா அதுங்களுக்கு ஒரே வழிதான். கிரீடத்தோட பொத்துன்னு குந்தி, ரெண்டு கையாலயும் மணலைத் தடவிக்கினே நகர்ந்தான். பின்னாடியே மந்திரியும் குந்திக்கினு போறான். பார்க்க வந்த கூட்டத்துலேர்ந்து அவன் அம்மா கத்தறா: “டேய் ராசா, அந்தாண்ட ஆழம், இந்தாண்ட வா!”

துரைக்கு வேஷம்

மத்தளச் சத்தம் கேட்டு, ஏதோ கலாட்டான்னு ஒல்லாந்து வெள்ளைக்காரங்க கோட்டையிலேர்ந்து சிப்பாய் ஒருத்தன் துப்பாக்கியோட ஓடியாந்தான். சின்ன வயசு, மீசைகூட சரியா மொளைக்கல. எங்களுக்கு யானைக்கு ஆள் இல்ல. பசங்க கிழிஞ்ச படகுப் பாயை அவன் தலைமேல போத்தி, தும்பிக்கைக்கு ஒரு கயிறும் கட்டிட்டாங்க. தமிழ் ஒரு எழுத்து தெரியாது, ஆனா இன்னாமா பிளிறினான்! மறுநாள் அவங்க பேச்சைத் தமிழ்ல மாத்திச் சொல்ற துபாஷி வந்து நின்னாரு: “யானை வேஷத்தை வேற யாருக்கும் குடுத்துடலையேன்னு அந்தச் சிப்பாய் துரை கேட்டுனு வரச் சொன்னாரு.”

சின்னி வேஷம்

சின்னி வந்தா, வாயில பறியோட. எறா போட்டுக்கற ஓலைக்கூடை அது. ஏரியில கை ரெண்டும் வேலையா இருக்கும், அதனால பல்லுல கவ்விக்குவோம். வாயில பறி இருந்தா யாரும் பேசச் சொல்ல மாட்டாங்கன்னு கண்டுபுடிச்சிட்டா கள்ளி! சரி, வசனமே இல்லாத வாசக்காவல் வேஷம் அவளுக்கு.

கூத்து அன்னிக்கு யானை ராசாவைக் கும்புட்டுட்டு, பாய் மறைச்சுக் கண்ணு தெரியாம பின்பக்கமாவே நடந்து போவுது. அங்க எவளோ தொறந்தாப்புல நண்டுக் கூடையை வெச்சிருக்கா. யானை குந்தப் போவுது. சின்னி பார்த்துட்டா. பறி கீழ வுழுந்துச்சு. “யானை மாமா, குந்தாத! நண்டு கீது!”

மாமாவுக்குத் தமிழ் தெரியாதே, குந்திட்டாரு. அப்புறம் யானை போட்ட கூச்சல் ஏரிக்கு நடுவுல கீற பசியாவரம் தீவுக்கே கேட்டிருக்கும். பாயோட ஏரியில போயி வுழுந்துச்சு. சின்னி அம்மா சிரிக்கறாளா அழுவறாளான்னே தெரியல. முனியன் மட்டும் கிரீடத்தைக் கழட்டிக் கடாசிட்டு என்கிட்ட வந்தான்: “ஆயா, அவளுக்கு வசனமே கெடையாது, பேசிட்டா பாரு!”

இப்பல்லாம் எல்லார் வசனத்தையும் சின்னியே பேசிடறா, நான்தான் அந்தப் பறி எங்க வுழுந்துச்சுன்னு மணலைத் தடவிக்கினு கீறேன்.