பெட்டியில் கிடந்த இழைப்புளி

கார்மேகத்துக்கு வயது நாற்பத்தொன்று. அறந்தாங்கிக்குக் கிழக்கே ஊர். ஷார்ஜாவுக்கு வந்து பதினோரு வருஷம். அதில் ஒன்பது வருஷம் ஷட்டரிங். கான்கிரீட் ஊற்றப் பலகை அடிக்க வேண்டும், இறுகியதும் பிடுங்க வேண்டும். விசாவில் தச்சர் என்று போட்டிருக்கும். அது தச்சு வேலை இல்லை, சுமை வேலை. ஒன்பதாம் வருஷம் இடுப்பில் தட்டு விலகியது. கெஞ்சிக் கேட்டு கம்பெனியின் மரப்பட்டறைக்கு மாற்றல் வாங்கினார். நான் அதே பட்டறையில் ஸ்டோர் பார்க்கிறவன். முவைலா கேம்ப்பில் அவருக்குப் பக்கத்துக் கட்டில். 2006 மே மாதம் அவர் பட்ட பாட்டைக் கிட்டே இருந்து பார்த்தேன்.

ஒரு சனிக்கிழமை, பழைய அரபி வீடு ஒன்றிலிருந்து எட்டு தேக்குக் கதவுகள் வந்து இறங்கின. கீழ்ச்சட்டங்களைக் கரையான் தின்றிருந்தது. சட்டம் மாற்றுவது பெரிய காரியம் இல்லை. ஆனால் சட்டத்தின் ஓரத்தில் அலை மாதிரி ஒரு வளைவு ஓடியது. புதுச் சட்டத்திலும் அதே வளைவு வர வேண்டும். மிஷினில் மாட்டும் பிட்டுகள் எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தாயிற்று. ஒன்றும் சேரவில்லை.

ஃபோர்மேன் பொன்னுச்சாமி சேலத்துக்காரர். பூசி மெழுகிப் பேசத் தெரியாது.

"யோவ் கார்மேகம், பிட்டு ஆர்டர் போட்டா ஆறு வாரம். வீட்டுக்காரன் பத்து நாள்தான் தர்றான். வேல கைவிட்டுப் போச்சுன்னா பட்டறைல ரெண்டு பேரு மிச்சம். மிச்சம்னா தெரியும்ல? சைட்டு பஸ்சு."

"கையிலயே இழைச்சிரலாம்ண்ணே."

"எதால? நகத்தாலயா?"

சைட்டு பஸ் என்றால் மறுபடி ஷட்டரிங். அந்த இடுப்போடு அவர் ஒரு கோடையைத் தாண்ட மாட்டார். அது பொன்னுச்சாமிக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ரோலா கடைவீதியில் இரண்டு சாயங்காலம் அலைந்தார். புது இழைப்புளி கேட்ட கடையில் எல்லாம் இருந்தது. எல்லாவற்றிலும் நேர் இரும்பு. வளைவு இரும்பு கேட்டால் "மாஃபி, பாய்" என்று கையை விரித்தார்கள். சரியென்று தானே கட்டை செதுக்கி, பழைய மிஷின் பிளேடு ஒன்றை கிரைண்டரில் வளைவாக்கினார். சூட்டில் நுனி நீலம் பாய்ந்துவிட்டது. தேக்கில் இரண்டடி ஓடியதும் முனை மடங்கிப்போனது.

புதன்கிழமை கதவுகளைப் பார்க்க சேதுமாதவன் வந்தார். வீட்டுக்காரர் வைத்த இன்ஜினியர். சென்னைக்காரர், குடும்பத்தோடு துபாயில் இருப்பவர். பெஞ்சில் கிடந்த நீல இரும்பை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"சூட்டுல செத்துப்போச்சுங்க இது. உங்களுக்கு வேணும்கிறது பழைய இரும்பு. வெள்ளிக்கிழமை எங்க சங்கம் கூடுது, வர்றீங்களா?"

கார்மேகம் மிரண்டுபோய் என்னைப் பார்த்தார். "ஏண்ணே, இங்கன சங்கம் வச்சா அன்னைக்கே பிளேன் ஏத்திருவாய்ங்களே?"

"தொழிலாளர் சங்கம் இல்லீங்க," என்று சேதுமாதவன் சிரித்தார். "பழைய கைக்கருவிங்க சேக்கறவங்க. மாசம் ஒருநாள் கூடுவோம். விக்கறது வாங்கறது கிடையாது. பொருளுக்குப் பொருள் மாத்திக்கணும். உங்ககிட்ட பழசா ஏதாவது இருக்கா?"

"பித்தளைத் தூக்குக்குண்டு ஒண்ணு இருக்கு சார். ரோலா பிளாட்பாரத்துல எடுத்தது. கருத்துப்போய்க் கெடக்கு."

"கருத்ததா? அருமை. கொண்டாங்க."

வெள்ளிக்கிழமை காலை கார்மேகம் குழாயடியில் உட்கார்ந்து அந்தக் குண்டைப் புளி போட்டுத் தேய்த்தார். மணல் வைத்தும் தேய்த்தார். குத்துவிளக்கு மாதிரி மின்னியது. புளி கொடுத்தவன் நான்தான்.

சங்கம் கூடியது துபாயில், வில்க்ஸ் என்கிற வெள்ளைக்காரக் கிழவரின் வில்லாவில். நானும் கூடப் போனேன். கார் ஷெட்டில் நீள மேசைகள், பச்சைத் துணி, அதன்மேல் கருவிகள். இருபது பேர் இருப்பார்கள். பூதக்கண்ணாடி வைத்துக் கம்பெனி முத்திரையைப் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூட முனையை விரலில் தடவிப் பார்க்கவில்லை.

குண்டைப் பார்த்ததும் சேதுமாதவன் தலையில் கை வைத்தார். "ஐயையோ, என்னங்க பண்ணிட்டீங்க?"

"வெளக்குனேன் சார். அடுத்தாளுக்குக் குடுக்குற சாமான அழுக்கோடயா குடுக்குறது?"

"அந்தக் கருப்பு ஏற அறுபது வருஷம் ஆயிருக்கும். அதுக்குத்தாங்க மதிப்பே!"

இரண்டு பேர் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார்கள். வில்க்ஸ் மோந்து பார்த்து ஏதோ சொன்னார். நாலு பேர் சிரித்தார்கள்.

"என்னங்கிறாரு?"

"சமையல் வாசனை வருதாம்."

கார்மேகம் ஷெட்டின் படியில் உட்கார்ந்துவிட்டார். இன்னும் மூன்றே நாள். கையில் மாற்ற ஒன்றும் இல்லை. அவர் முகத்தைப் பார்க்காமல் இருக்க நான் மேசைக்கு அடியில் பார்த்தேன். அங்கே ஒரு மரப்பெட்டி நிறையப் பழைய இழைப்புளிகள். பார்த்ததும் அவரைத் தொட்டுக் காட்டினேன்.

"அது என்ன சார்?" என்றார் கார்மேகம்.

"கழிச்சுப் போட்டதுங்க. கட்டை வெடிச்சது, கண்டவன் பேர் குத்தினது, தீட்டித் தீட்டி இரும்பு பாதியானது. யாரும் சேக்க மாட்டாங்க."

"தீட்டித் தேஞ்சதுன்னா நல்லா வெட்டுற இரும்புல்ல சார்? வெட்டாததை எவன் உக்காந்து தீட்டுவான்?"

சேதுமாதவன் பெட்டியை வெளியே இழுத்து வைத்தார். வில்க்ஸிடம் போய்ப் பேசிவிட்டு வந்தார். "அந்தப் பெட்டிக்குத் தனி வழக்கமாம். மாத்தலா எதுவும் தர வேணாம். எல்லார் எதிர்லயும் சீவிக் காட்டினா எடுத்துக்கலாம்."

கதவின் வளைவுக்கு வெட்டிய தகரத்துண்டு கார்மேகத்தின் சட்டைப்பையில் இருந்தது. ஒவ்வொரு இழைப்புளியாக வைத்துப் பார்த்தார். ஒன்பதாவது பொருந்தியது. ஒரு ஓரத்தில் மட்டும் மயிரிழை இடித்தது. கட்டை வெடித்திருந்தது. பின்பக்கம் மூன்று பேர் தங்கள் பெயரைக் குத்தி வைத்திருந்தார்கள். உப்புத்தாளைப் பேனாவில் சுற்றி, தரையில் சம்மணம் போட்டு இருபது நிமிஷம் இரும்பைத் தீட்டினார்.

ஷெட்டில் கிடந்த ஒரு பலகையில் முதல் இழுப்பு இழுத்ததும் தூள் அடைத்துக்கொண்டது. யாரோ இருமினார்கள். ஆப்பைத் தட்டி இரும்பைக் கொஞ்சம் பின்னே வாங்கினார். அடுத்ததில் கோடு விழுந்தது. மூன்றாவதில் பலகையின் இந்தக் கடைசியில் இருந்து அந்தக் கடைசி வரை ஒரே சுருள், அறுபடாமல். பூதக்கண்ணாடிகளை வைத்துவிட்டு அத்தனை பேரும் சுற்றி வந்துவிட்டார்கள். வில்க்ஸ் சுருளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பிறகு இழைப்புளியை எடுத்து கார்மேகத்தின் கையில் வைத்து அழுத்தினார்.

"நாலு வருஷமா வர்றேன்," என்றார் சேதுமாதவன். "இந்த ஷெட்டுல ஒரு சுருள் விழுந்து நான் பாத்ததில்லை."

உழைத்த கருவி மேசைக்கு அடியில், உழைக்காதது பச்சைத் துணியில். எங்கே போனாலும் இதே கதைதான். போகட்டும். எங்களுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

வெடிப்புக்குக் குறுக்கே இரண்டு ஸ்குரூ இறுக்கினார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் பட்டறையில் அவர் பெஞ்சுக்கடியில் சுருள் முழங்கால் உயரம். திங்கள்கிழமை மதியம் பொன்னுச்சாமி வந்து, கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் பழைய சட்டத்திலிருந்து புதுச் சட்டத்துக்குத் தடவினார். திரும்பவும் தடவினார்.

"ஒட்டு எங்கய்யா?"

"கண்டுபிடிங்கண்ணே."

"காட்டித் தொலைய்யா!"

கார்மேகம் காட்டினார். பொன்னுச்சாமி பையிலிருந்து ஒரு தாளை எடுத்து ஒரு வரியை அடித்தார். "கலாஸ், முடிஞ்சுது. பஸ் லிஸ்ட்டுல உம்பேரு இல்ல."

"எழுதியே வச்சிருந்தியளா?"

"வியாழக்கிழமையே எழுதிட்டேன். போய் டீயக் குடி."

அன்று சாயங்காலம் கேம்ப் வாசல் போன் பூத்தில் வரிசை. கார்மேகம் மனைவி நாகவள்ளியைக் கூப்பிட்டார். அந்தம்மா பேசுவது வெளியே நின்ற எனக்கே கேட்டது.

"பத்து நாளா போனே காணோம். ஒடம்புக்கு எதுமா, இல்ல வேலைக்கு எதுமா? மறைக்காமச் சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல புள்ள. ஒரு சாமான் தேடிக்கிட்டிருந்தேன். கெடச்சிருச்சு."

"என்ன, நகையா?"

"இழைப்புளி."

"அதுக்கா இப்புடிச் சிரிக்கிறிய?"

அப்போதுதான் அவர் சிரித்துக்கொண்டிருப்பது அவருக்கே தெரிந்தது. நிறுத்தப் பார்த்தார், முடியவில்லை. பின்னால் நின்றவன் கண்ணாடியைத் தட்டினான். "யல்லா, பாய்!"